‘கர்த்தர் சொன்னார்’ என்று சொல்லுமுன்

தியானப் பகுதி: 1 தெசலோனிக்கேயர் 5:19-22



சில வாரங்களுக்கு முன்பு ஒரு மருத்துவமனையில் நம் சகோதரி ஒருவரைச் சந்தித்தேன். நிலக்கோட்டைச் சந்தையில் பூ வாங்கித் திண்டுக்கல்லில் கட்டி விற்றுப் பிழைப்பவர். பதினான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை உட்கொண்டு வந்தவர். வருடத் தொடக்கத்தில் எங்கோ நடந்த உபவாச ஜெபத்துக்குப் போயிருக்கிறார். மேடையில் நின்றவர் இவரைச் சுட்டிக்காட்டி, கர்த்தர் இப்போதே தம்மோடு பேசினார் என்றும், சர்க்கரை நோய் அன்றோடு நீங்கிவிட்டது என்றும், இனி மாத்திரையைத் தொடுவது அவிசுவாசம் என்றும் அறிவித்திருக்கிறார். கூட்டம் கைதட்டியது. மாத்திரை அட்டைகளைக் காணிக்கைப் பைக்குள் போட்டுவிட்டு அவர் வீடு திரும்பினார். மூன்று மாதம் கழித்துக் காலில் செருப்புக் கடித்த புண் ஆறவில்லை. நான் பார்க்கச் சென்றபோது இரண்டு விரல்களை எடுத்திருந்தார்கள்.

கட்டிலில் சாய்ந்தபடி அவர் என்னிடம் கேட்ட கேள்வியை, அவருடைய அனுமதியோடு இங்கே எழுதுகிறேன். “ஐயா, ஆண்டவர் பொய் சொல்லிட்டாரா? இல்ல, என் விசுவாசந்தான் பொய்யா?”

பிரியமானவர்களே, இந்தக் கேள்வியைக் கவனியுங்கள். ஒன்று ஆண்டவர் பொய்யர். அல்லது நான் அவிசுவாசி. இவ்விரண்டு மட்டுமே அவருக்குத் தெரிந்தன. மூன்றாவதாக ஒன்று உண்டு: பேசிய மனிதர் தவறாகப் பேசினார். அந்த எண்ணம் அவருக்குத் தோன்றவே இல்லை, ஏனெனில் அப்படி எண்ணுவதே பாவம் என்று அவருக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. நான் இந்த வாரம் எழுதுவது அந்த மூன்றாவது பதிலுக்காகவே.

முதலில் என் நிலையைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தேவன் இன்றும் பேசுகிறாரா என்று கேட்டால், ஆம், பேசுகிறார் என்பதே என் பதில். மதுரையில் வேதசாஸ்திரம் பயின்ற நாட்களில் இதற்கு மாறாக வாதிட்ட நண்பர்கள் எனக்கு உண்டு. அப்போஸ்தலரோடு தீர்க்கதரிசனம் முடிந்தது. வேதாகமம் நிறைவுற்றபின் வேறொரு பேச்சுக்கு இடமில்லை என்பார்கள். வேதாகமத்தோடு எவரும் எதையும் கூட்ட முடியாது என்பதில் நானும் அவர்களோடு நிற்கிறேன். குமாரன் மூலமாய்த் தேவன் பேசியதே முழுமையான பேச்சு என்று எபிரெயர் நிருபம் முதலாம் அதிகாரம் தொடங்குகிறது. அதற்கு மேலான வெளிப்பாடு எதுவும் இல்லை. ஆனால் தெசலோனிக்கேயருக்கு எழுதிய பவுல், ஆவியானவரின் அனலை அணைக்கவேண்டாம் என்றும், தீர்க்கதரிசனத்தை இழிவாக எண்ணவேண்டாம் என்றும் புத்தி சொல்கிறார். அந்தக் கட்டளைக்கு அவர் காலக்கெடு எதுவும் குறிப்பிடவில்லை. தம் பிள்ளைகளை எச்சரிக்கவும் தேற்றவும் தேவனுக்கு இன்று வாயில்லை என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

ஆனால் அதே பவுல் அதே மூச்சில், எல்லாவற்றையும் சோதித்து நலமானதை மட்டும் பிடித்துக்கொள்ளச் சொல்கிறார். முதல் பாதியை மேடையில் முழங்கிவிட்டு இரண்டாம் பாதியை விழுங்கிவிடுகிறவர்களோடுதான் எனக்கு வழக்கு.

புதிய ஏற்பாட்டுச் சபையில் தீர்க்கதரிசனம் எப்படி நடந்தது என்று பாருங்கள். கொரிந்து சபையில் இரண்டு அல்லது மூன்று பேர் பேசலாம். மற்றவர்கள் அதை நிதானிக்கவேண்டும் (1 கொரிந்தியர் 14:29). பேசுகிறவருக்கு எவ்வளவு உரிமையோ, கேட்கிறவருக்கு அவ்வளவு பொறுப்பு. அகபு என்னும் தீர்க்கதரிசி பஞ்சம் வரும் என்று அறிவித்தபோது, அந்தியோகியா சபையார் அவரவர் திராணிக்கேற்ப யூதேயாவிலுள்ள சகோதரருக்குப் பணம் சேர்த்து அனுப்பினார்கள் (அப்போஸ்தலர் 11). அகபு காணிக்கை கேட்டதாக அங்கே ஒரு வார்த்தையும் இல்லை. பசியாயிருப்போருக்கு உதவி போனது. அதே அகபு செசரியாவில் பவுலின் கச்சையை எடுத்துத் தன் கைகால்களைக் கட்டிக்கொண்டு, எருசலேமில் பவுலுக்கு நேரப்போவதைக் காட்டினார் (அப்போஸ்தலர் 21). சபையார் அழுது தடுத்தார்கள். பவுலோ புறப்பட்டுப் போனார். தன் வார்த்தைக்குக் கீழ்ப்படியவில்லை என்று அகபு பவுலைச் சபிக்கவில்லை. வரப்போவதைச் சொல்லிவிட்டு, முடிவைப் பவுலின் மனச்சாட்சிக்கும் தேவனுக்கும் விட்டுவிட்டார்.

நம்மிடையே நடப்பது இதுதானா? இந்தப் பையனைத்தான் கட்டவேண்டும் என்று கர்த்தர் சொன்னார். அந்த மனையை இந்த மாதமே விற்கவேண்டும் என்று கர்த்தர் சொன்னார். உன் வீட்டில் இன்னார் செய்வினை வைத்திருக்கிறார் என்று கர்த்தர் காட்டினார். கடைசியாகச் சொன்னதால் ஒரே தெருவில் குடியிருக்கும் அண்ணன் தம்பி குடும்பங்கள் பேசாமலிருப்பதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். இவ்வார்த்தைகளை ஒருவரும் எழுதி வைப்பதில்லை, மூப்பர் நிதானிப்பதில்லை. பலித்த ஒன்று சாட்சியாக ஒலிபெருக்கியில் வருகிறது. பலிக்காத ஒன்பதும் காற்றோடு போகின்றன.

2019 டிசம்பர் 31 இரவை நினைத்துப் பாருங்கள். புதிய ஆண்டுக்கான தீர்க்கதரிசன வார்த்தைகள் நம் தொலைபேசிகளில் வந்து குவிந்தன. நான் கேட்டவை யாவும் பெருக்கமும் உயர்வும் திறந்த வாசல்களுமாகவே இருந்தன. 2020 மார்ச் 25-ல் தேசம் முழுவதும் ஊரடங்கு வந்தது. பெரிய வெள்ளிக்கும் உயிர்த்தெழுந்த ஞாயிறுக்கும் ஆலயக் கதவுகள் பூட்டியே கிடந்தன. அந்த வருடத்துக்கு ‘திறந்த வாசல்’ அறிவித்தவர்களில் எத்தனை பேர் அடுத்த புத்தாண்டில், “சென்ற வருடம் நான் சொன்னது கர்த்தருடைய வார்த்தையல்ல” என்று சபைமுன் அறிக்கையிட்டார்கள்? நான் அறிய ஒருவருமில்லை. அடுத்த வருடத்துக்கான வார்த்தை மட்டும் தவறாமல் வந்தது.

இப்படிக் கேட்டால் உடனே ஒரு வசனத்தை எடுத்து வீசுகிறார்கள். கர்த்தரால் அபிஷேகம் பெற்றவர்களைத் தொடாதே என்பதே அது. சங்கீதம் 105-ஐத் திறந்து முன்னுள்ள வசனங்களையும் வாசியுங்கள். அங்கே பேசப்படுகிறவர்கள் ஆபிரகாமும் ஈசாக்கும் யாக்கோபும். கொஞ்சப் பேராய், சொந்த நிலமின்றி, ராஜ்யம் விட்டு ராஜ்யம் அலைந்த பரதேசிகள். அவர்களுக்குத் தீங்கு செய்யாதபடி தேவன் ராஜாக்களைக் கடிந்துகொண்டார் என்பதே சங்கீதத்தின் செய்தி. பலமுள்ளவனிடமிருந்து பலவீனனைக் காக்கச் சொல்லப்பட்ட வார்த்தை அது. அதைப் புரட்டி, மேடையில் நிற்பவரைப் பூக்கட்டும் பெண்ணின் கேள்வியிலிருந்து காக்கும் கவசமாக்குவது வேதத்தைத் தலைகீழாக வாசிப்பதாகும்.

வேறொருவர் கேட்பார்: “ஐயா, அந்த ஊழியர் வழியாக எத்தனையோ பேர் குடியை விட்டிருக்கிறார்களே, ஆறுதல் அடைந்திருக்கிறார்களே?” உண்மை; அதை நான் மறுக்கவில்லை. கழுதையின் வாயையும் திறந்த தேவன் யாரையும் பயன்படுத்த வல்லவர். ஆனால் ஊழியம் உண்மையாயிருப்பதால் ஒவ்வொரு வார்த்தையும் உண்மையாகிவிடாது. 1 இராஜாக்கள் 13-ஆம் அதிகாரத்தில், யூதாவிலிருந்து வந்த தேவமனிதனிடம் எங்கும் அப்பம் புசியாமல் திரும்பும்படி தேவன் நேரடியாகச் சொல்லியிருந்தார். பெத்தேலிலிருந்த கிழவரான தீர்க்கதரிசி ஒருவர், தேவதூதன் தமக்கு வேறுவிதமாய்ச் சொன்னதாகப் பொய் கூறி அவரை விருந்துக்கு அழைத்தார். நம்பிப் போனவர் வழியில் சிங்கத்தால் மாண்டார். பொய் சொன்னவர் வஞ்சகர் மட்டுமல்ல, தீர்க்கதரிசியும்கூட. அதே பந்தியில் உண்மையான கர்த்தருடைய வார்த்தையும் அவருக்கு உண்டாயிற்று. ஒரே வாயிலிருந்து இரண்டும் வரக்கூடும். ஆகவேதான் ஆளைப் பார்த்து ஏற்காமல் வார்த்தையைச் சோதிக்கவேண்டியிருக்கிறது.

நம் மண்ணிலேயே இதற்கு ஒரு வரலாறு உண்டு. திருநெல்வேலிப் பகுதியில் பிறந்த ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் (1810-1867), ரேனியஸ் ஐயரிடம் பயின்றவர். மிஷன் சம்பளத்தைச் சாராமல் ஊழியம் செய்தவர். நமக்குத் தெற்கே கிறிஸ்தியான்பேட்டையை மையமாகக் கொண்ட அவருடைய ஊழியத்தில் 1860-ல் பெரும் எழுப்புதல் உண்டாயிற்று. மக்கள் பாவத்தை அறிக்கையிட்டு அழுதார்கள். அந்நியபாஷையும் தீர்க்கதரிசனமும் காணப்பட்டன. அமெரிக்காவில் அசூசாத் தெருவில் 1906-ல் பெந்தெகொஸ்தே எழுப்புதல் உண்டாவதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்கு முன்பே, தமிழ் விசுவாசிகள் நடுவில் இது நிகழ்ந்தது. ஆவியானவரின் வரங்கள் மேல்நாட்டிலிருந்து இறக்குமதியான புதுமை என்று பழிக்கிறவர்கள் இதை அறியவேண்டும்.

அந்த அனல் மலைக்கு அப்பால் திருவிதாங்கூருக்கும் 1873-வாக்கில் பரவியது. அங்கே யுஸ்தூஸ் யோசேப்பு என்னும் போதகர் இருந்தார். தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் ராமய்யனாகப் பிறந்து, 1861-ல் ஞானஸ்நானம் பெற்று, சர்ச் மிஷன் சபையில் குருவானவர். வித்வான்குட்டி என்று பெயர் பெற்ற பாடகர். அவர் இயற்றிய பாடல்களை மலையாளச் சபைகள் இன்றும் பாடுகின்றன. 1875-ல் அந்த எழுப்புதல் கூட்டத்தில், கிறிஸ்து ஆறு ஆண்டுகளில், அதாவது 1881-ல், திரும்ப வருவார் என்று ஒரு தீர்க்கதரிசனம் எழுந்தது. யுஸ்தூஸ் யோசேப்பு அதை ஏற்றார். தாய்ச் சபையைவிட்டு ஒரு கூட்டம் பிரிந்தது. 1881 வந்தது, போயிற்று. ஆண்டவர் வரவில்லை.

அவர்களை நான் பரிகசிக்கவில்லை. அவர்கள் கண்ணீர் பொய்யல்ல. மனந்திரும்புதலும் பாடல்களும் பொய்யல்ல. தேதி ஒன்றே பொய்யாயிருந்தது. ஆனால் எழுப்புதல் மெய்யானதால் தேதியும் மெய்யாகத்தான் இருக்கும் என்று எண்ணினார்கள். பிதா தம் அதிகாரத்தில் வைத்திருக்கும் காலங்களை அறிவது நமக்கடுத்ததல்ல என்று ஆண்டவரே சொல்லியிருந்தார் (அப்போஸ்தலர் 1:7). அந்த வசனத்தைக்கொண்டு தேதியை நிதானித்திருந்தால், எழுப்புதலைக் காத்துக்கொண்டு தேதியைத் தள்ளியிருக்கலாம். நிதானியாததால் சபை உடைந்தது.

நம் காலத்தில் அமெரிக்க வானொலிப் பிரசங்கியார் ஹெரால்ட் கேம்பிங் 2011 மே 21-ஐக் குறித்துச் சொன்னது உலகெங்கும் பரவி, அதுவும் பொய்த்தது. ஆனால் 2012 மார்ச்சில் அவர் செய்த ஒன்று அரிதானது. தேதி குறித்தது தவறு, பாவமும்கூட என்று எழுத்தில் ஒப்புக்கொண்டார். அப்போது அவருக்குத் தொண்ணூறு வயது. அவர் செய்த சேதம் பெரிது. ஆயினும் அந்த அறிக்கை, ஆண்டவர்மேல் விழவிருந்த பழியைத் தம்மேல் எடுத்துக்கொண்டது.

இங்கே நான் என்னைக் குறித்தும் எழுதவேண்டும். இல்லாவிட்டால் மற்றவரை நியாயந்தீர்க்க எனக்குத் தகுதியில்லை.

இருபது வருடங்களுக்கு முன்பு வேறொரு சேகரத்தில் ஊழியம் செய்தேன். இரு சக்கர வாகன விபத்தில் அடிபட்ட ஒரு வாலிபன் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தான். நள்ளிரவில் அவன் தாயார் என் இரு கைகளையும் பற்றிக்கொண்டு, “ஐயா, ஒரு வார்த்தை சொல்லுங்க” என்று கதறினார். அந்தக் கண்ணீரைத் தாங்க எனக்குப் பெலனில்லை. “அம்மா, கர்த்தர் என்னோடு பேசினார், உங்கள் மகன் பிழைப்பான்” என்றேன். கர்த்தர் என்னோடு பேசவில்லை. என் ஆசையையும் என் பயத்தையும் அவருடைய நாமத்தில் பேசினேன். மூன்றாம் நாள் விடியற்காலையில் அவன் மரித்தான். அடக்க ஆராதனையில் தேவனுடைய வழிகள் நம் வழிகளுக்கு மேலானவை என்று பிரசங்கித்தேன். நான் தவறினேன் என்று மட்டும் சொல்லவில்லை. அந்தத் தாயார் முதலில் திருவிருந்துக்கு வருவதை நிறுத்தினார். பிறகு ஆலயத்துக்கே வரவில்லை.

பதினோரு வருடங்கள் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். “அம்மா, அன்றைக்குக் கர்த்தர் ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். என்னை மன்னியுங்கள்” என்றேன். நெடுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, “அன்னைக்கே இதச் சொல்லியிருந்தீங்கன்னா, நான் ஆண்டவர் மேல கோவப்பட்டிருக்க மாட்டேனே ஐயா” என்றார். பதினோரு வருடம் ஒரு தாயையும் தேவனையும் என் பொய் பிரித்து வைத்திருந்தது. உபாகமம் 18-ஆம் அதிகாரம் தீர்க்கதரிசியின் துணிகரத்தை ஏன் அவ்வளவு கடுமையாகத் தண்டிக்கச் சொல்கிறது என்று அன்று விளங்கிற்று.

குற்றம் பேசுகிறவரிடம் மட்டுமில்லை. கேட்கிற நம்மிடமும் உண்டு. நம்மில் அநேகர் ஜாதகத்தைக் கிழித்தெறிந்தோம். ஜாதகம் பார்க்கும் மனதைக் கிழிக்கவில்லை. அன்று ஜோசியரிடம் கேட்ட அதே கேள்விகளை இன்று தீர்க்கதரிசியிடம் கேட்கிறோம்: வரன் எப்போது அமையும், கடன் எப்போது தீரும், எதிரி யார்? எரேமியாவின் நாட்களில் அனனியா இரண்டு வருடத்துக்குள் எல்லாம் திரும்பிவரும் என்றான். எரேமியாவும் முதலில், ஆமென், அப்படியே ஆகட்டும் என்றுதான் சொன்னார். அவருக்கும் அது நடக்கவேண்டும் என்ற ஆசை இருந்தது. ஆனால் கர்த்தருடைய உண்மையான வார்த்தை வேறாயிருந்தது. சிறைப்பட்டுப் போன இடத்தில் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளைப் பெறுங்கள், அந்த ஊரின் நன்மைக்காக ஜெபியுங்கள், எழுபது வருடம் பொறுத்திருங்கள் (எரேமியா 28, 29). இப்படிப்பட்ட வார்த்தையை இன்று யார் அறிவித்தாலும் கூட்டம் சேராது.

மருந்தைக் குறித்தும் ஒரு வார்த்தை. 1835-ல் திண்டுக்கல்லில் ஊழியம் தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷன், பின்னாளில் எட்வர்ட் செஸ்டர் என்னும் மிஷனரி மருத்துவரை இவ்வூரில் வைத்திருந்தது. அவர் சுவிசேஷமும் சொன்னார், மருந்தும் கொடுத்தார். ஒன்று மற்றொன்றுக்கு விரோதம் என்று அவர் எண்ணவில்லை. லூக்கா சுவிசேஷத்தை எழுதியவரும் வைத்தியரே. மாத்திரையை நிறுத்தச் சொல்லும் எந்தத் ‘தீர்க்கதரிசனத்தையும்’ சோதிக்கவேண்டிய அவசியமே இல்லை, அதைத் தள்ளிவிடுங்கள். மெய்யாகவே சுகம் கிடைத்திருந்தால் இரத்தப் பரிசோதனை அதைக் காட்டும், மருத்துவரே மாத்திரையைக் குறைப்பார். தாம் சுகமாக்கின குஷ்டரோகியை ஆசாரியனிடம் போய்க் காண்பிக்கச் சொன்னவர் நம் ஆண்டவர். மெய்யான சுகம் பரிசோதனைக்கு அஞ்சாது.

ஆகவே சபையாரே, உங்களிடம் நான் வேண்டுவது இதுதான். யாராவது உங்களிடம் ‘கர்த்தர் சொன்னார்’ என்று வந்தால், தேதியிட்டு எழுதி வையுங்கள். வேதத்துக்கு முரணானால் அங்கேயே விட்டுவிடுங்கள். தனியே முடிவெடுக்காமல், வேதம் அறிந்த முதிர்ந்த விசுவாசிகள் இருவர் மூவரோடு உட்கார்ந்து நிதானியுங்கள். திருமணம், சொத்து, சிகிச்சை இம்மூன்றிலும் ஒருவர் வார்த்தையை மட்டும் நம்பி அடியெடுத்து வைக்காதீர்கள். பணத்தோடு இணைந்து வரும் வார்த்தையைப் பணத்தோடு சேர்த்து மறுத்துவிடுங்கள். பொய்த்தது என்று தெரிந்தால், பேசினவரிடம் அன்போடும் பயமின்றியும் போய்ச் சொல்லுங்கள். அந்தத் தீர்க்கதரிசிக்கு அஞ்சவேண்டியதில்லை என்று உபாகமம் 18:22 நமக்கு உரிமை தந்திருக்கிறது. என் பிரசங்கத்துக்கும் இதே அளவுகோல்தான். என்னிடமும் வந்து கேளுங்கள்.

ஊழியம் செய்யும் உடன் சகோதரருக்கும் ஒரு விண்ணப்பம். உங்கள் உள்ளத்தில் ஓர் உணர்த்துதல் உண்டானால், “ஆண்டவர் இப்படி உணர்த்துவதாக எனக்குத் தோன்றுகிறது, நீங்களே ஜெபித்து நிதானியுங்கள்” என்று சொல்லுங்கள். அப்படிச் சொன்னால் ஆவியானவரின் வல்லமை குறைந்துபோகாது. தவறினால், தவறினேன் என்று அதே மேடையில் சொல்லுங்கள். அதனால் உங்கள் பெயர் சிறுக்கலாம். ஆனால் கேட்டவர்களின் விசுவாசம் பிழைக்கும்.

மருத்துவமனையில் அந்தச் சகோதரிக்கு நான் சொன்ன பதில் இது: “அம்மா, ஆண்டவர் பொய் சொல்லவில்லை. உங்கள் விசுவாசமும் பொய்யில்லை. அந்த மனிதர் சொன்னதுதான் தவறு.” அவர் சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டு, “அப்படியும் சொல்லலாமா ஐயா?” என்று கேட்டார். சொல்லலாம் என்றேன். பிறகு சங்கீதம் 23-ஐ வாசித்தேன். மரண இருளின் பள்ளத்தாக்கிலும் கூட இருப்பேன் என்று ஆண்டவர் தந்திருக்கும் வாக்கை அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். செவிலியர் மாத்திரை கொண்டுவந்தார். அவர் ஸ்தோத்திரம் சொல்லி வாங்கி விழுங்கினார்.

ஜெபிப்போம்: பேசுகிற தேவனே, உம்முடைய சத்தத்தை எங்கள் ஆசைகளின் சத்தத்திலிருந்து பிரித்தறியக் கற்றுத்தாரும். நீர் சொல்லாததை உம் நாமத்தில் சொன்ன எங்களை மன்னியும். அதனால் காயப்பட்ட உம் பிள்ளைகளை நீரே தேற்றும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம், பிதாவே. ஆமென்.